முகநரம்பின் அழகு

காது மடலுக்குக் கீழே, தாடை வளையும் இடத்தில், வலியே இல்லாத ஓர் உருண்டை. ஒரகடத்தில் ஷிஃப்ட் முடித்துக் கம்பெனி பஸ்ஸில் திரும்பும் இளைஞர் அதைப் பொன்னுக்கு வீங்கி என்று மாதக்கணக்கில் விட்டுவிடக்கூடும். அவருக்கு எட்டும் தொலைவில்தான், காஞ்சிபுரம் காரப்பேட்டையில், அறிஞர் அண்ணா நினைவுப் புற்றுநோய் மருத்துவமனை இருக்கிறது.

கட்டியைத் தொட்டுப் பார்க்கும் மருத்துவர் அதோடு நிறுத்துவதில்லை. "கண்ணை இறுக்கி மூடுங்க... பல்லைக் காட்டுங்க." எத்தனை எளிய, எத்தனை நுட்பமான சோதனை! முகத்தை அசைக்கும் நரம்பு, கட்டி எழுந்திருக்கும் அந்தக் காதடி உமிழ்நீர்ச் சுரப்பிக்குள் புகுந்துதான் செல்கிறது. ஒரு பக்கம் தளர்ந்திருந்தால் புற்றுநோய் என்ற ஐயம் வலுக்கும்.

அடுத்து மெல்லிய ஊசி. உறிஞ்சிய துளியைக் கண்ணாடியில் தடவி, ஜீம்சா சாயமிட்டு நுண்ணோக்கியில் பாருங்கள். ஊதாச் சிவப்பில் நார்நாராகப் படர்ந்த மென்திரை, அதில் தோய்ந்து கிடக்கும் செல்கள். இந்தச் சுரப்பியில் அதிகம் வரும் பிளியோமார்ஃபிக் அடினோமாவின் முகம் இது. சாதுவான கட்டிதான். ஆனால் அதன் உறையை மீறிச் சின்னச் சின்ன மொட்டுகள் வெளியே நீண்டிருக்கும். தோண்டி எடுத்தால் அவை தங்கிவிடும், பல ஆண்டுகள் கழித்தும் முளைக்கும். அதனால் கட்டியைச் சுற்றிலும் கொஞ்சம் நல்ல சதையையும் சேர்த்தே எடுக்கிறார்கள்.

இனி அந்த நரம்பைப் பார்ப்போம். காதுக் குருத்தெலும்பின் கூர்நுனியிலிருந்து சுமார் 1 சென்டிமீட்டர் உள்ளே, சற்றுக் கீழே, முத்து வெண்மையில் அது தென்படும். முதலில் இரண்டாகப் பிரிந்து, பிறகு ஐந்து கிளைகளாக வாத்துக்காலைப் போல விரிகிறது: நெற்றிக்கு, கண்ணுக்கு, கன்னத்துக்கு, கீழுதட்டுக்கு, கழுத்துக்கு. கத்திரி நுனியை நரம்பின் மேலேயே மெல்ல விரித்து, ஒவ்வொரு கிளையாகத் திசுவிலிருந்து விடுவிக்கும் அந்தக் கைகளின் பொறுமையை என்னவென்பது! அவசரத்துக்கு அங்கே இடமே இல்லை. தையலையும் காதின் முன்மடிப்பிலும் கழுத்துச் சுருக்கத்திலும் ஒளித்துவிடுகிறார்கள்.

புற்று நரம்பையே பற்றியிருந்தால் அதை வெட்டத்தான் வேண்டும். அப்போதும் கலை முடிவதில்லை. கெண்டைக்காலிலிருந்து உணர்வு நரம்பொன்றை எடுத்து, மயிரிழை நூலால் இடைவெளியில் இணைக்கிறார்கள். அதன் வழியே முகநரம்பின் இழைகள் நாளுக்கு ஏறக்குறைய 1 மில்லிமீட்டராக உதட்டை நோக்கி வளர்கின்றன. தேவைப்படுவோருக்குக் கதிர்வீச்சும் தொடரும்.