மெலிந்த தோளில் ஒரு செந்துகில்

அதிமனிதர் கதைகள் நமக்குப் புதியனவல்ல. 1972ஆம் ஆண்டு முத்து காமிக்ஸ் வெளியிட்ட இரும்புக்கை மாயாவியைப் படித்து வளர்ந்த தலைமுறை இன்று பேரன் பேத்திகளைக் கண்டுவிட்டது. குருகுலத் தலைநகரின் பெயரைத் தாங்கி நிற்கும் நம் அஸ்தினாபுரத்தில் வீரபுருடர்களின் பெயர்களுக்கும் பஞ்சமில்லை. ஆனால் அந்த வீரர் வரிசையில் ஓர் இசுலாமியர் நிற்பதை, அதுவும் பிறரைச் சிரிக்க வைப்பவராக நிற்பதை, நாம் கண்டதுண்டா? நம் திரைப்படங்களில் அவர் குண்டு வைப்பவராக வருவார்; இல்லையேல் நண்பனுக்காக உயிர்விடும் நல்ல 'பாய்' ஆக வருவார். மூன்றாவது இருக்கை அவருக்கு இடப்படுவது அரிது. 'மை சன்' என்று விளிக்கும் பாதிரியாராகவும், மதுக்கிண்ணம் ஏந்திய ஆங்கிலோ இந்தியராகவும் திரையில் தம்மையே கண்டு சலித்துப்போன நமக்கு இக்குறை எளிதில் விளங்கும்.

அந்த மூன்றாவது இருக்கையைத் தாமே செய்து போட்டுக்கொண்டவர்கள் மாலேகாவ் நகரத்தார். மகாராட்டிர மாநிலம் நாசிக் மாவட்டத்திலுள்ள அவ்வூர் விசைத்தறிகளின் ஊர். மக்களுள் பெரும்பான்மையோர் இசுலாமியர். 2006 செப்டம்பர் 8 அன்று வெள்ளிக்கிழமைத் தொழுகை முடிந்த வேளையில் வெடித்த குண்டுகளும், 2008 செப்டம்பர் 29 அன்று வெடித்த குண்டும் அவ்வூரின் பெயரைத் துயரத்தோடு நாடறியச் செய்தன. ஆனால் அதற்கு முன்னரே, வீடியோ நிலையம் நடத்திய ஷேக் நசீர் என்பவர், இரண்டு விசிஆர்களை இணைத்துப் படத்தொகுப்பைத் தாமே கற்று, 2000ஆம் ஆண்டில் 'மாலேகாவ் கே ஷோலே' என்னும் நையாண்டிப் படத்தை எடுத்திருந்தார். பின்னர் அவர் எடுத்ததே 'மாலேகாவ் கா சூப்பர்மேன்'. அதன் படப்பிடிப்பைப் பின்தொடர்ந்து ஃபைசா அகமது கான் 2008இல் உருவாக்கிய ஆவணப்படம் 2012இல் இந்தியத் திரையரங்குகளுக்கும் வந்தது.

அமெரிக்கச் சூப்பர்மேன் 1938இல் அச்சில் தோன்றியவன். அவனைப் படைத்த ஜெர்ரி சீகலும் ஜோ ஷுஸ்டரும் குடியேறிய யூதக் குடும்பத்துப் பிள்ளைகள். வலுவற்ற சிறுபான்மையினரின் கனவு வலுவே உருவான ஒருவனாகப் பிறந்தது இயல்பே. மாலேகாவ் சூப்பர்மேனோ வலுவிழந்தவனாகவே வானத்தில் பறக்கிறான். அவனாக நடித்த ஷபீக் ஷேக் விசைத்தறித் தொழிலாளி. எலும்பும் தோலுமான உடல். நீல உடை தோளில் தொங்குகிறது. செந்நிறக் கால்சட்டையின் நாடா வெளியே தொங்கி ஆடுகிறது. ஊர்த்தூசியில் அவனுக்கு மூச்சிரைக்கிறது. அவனை எதிர்ப்பவன் உலகை ஆளத் துடிக்கும் விஞ்ஞானியல்லன், அழுக்கைக் காதலிப்பவன், புகையிலையும் எச்சிலும் எங்கும் பரவ வேண்டும் என்று விழைபவன். குரோம் தோல் தொழிலால் பெயர் பெற்ற குரோம்பேட்டைக்கும், தோல் பதனிடும் பல்லாவரத்திற்கும் அண்டையில் வாழும் நமக்கு இப்படியொரு வில்லனை விளக்கிச் சொல்லத் தேவையில்லை. அவனைத் தெருவிலேயே பார்த்திருக்கிறோம்.

இப்படைப்பின் நயம் அதன் ஏழ்மையில் இருக்கிறது என்று சொன்னால் அது பாதி உண்மையே. லாரியின் பக்கவாட்டில் பச்சைத் துணியைக் கட்டி வானத்தை உண்டாக்குகிறார்கள்; இருந்த கேமராவும் நீரில் விழுந்துவிடுகிறது; படப்பிடிப்பின் நடுவே கதாநாயகனுக்குத் திருமணம் நடக்கிறது. இவையெல்லாம் நம்மைச் சிரிக்க வைக்கின்றன. ஆயினும் அவர்களைப் பார்த்து நாம் சிரிப்பதற்கு முன்பே அவர்கள் தம்மைப் பார்த்துச் சிரித்துவிட்டார்கள் என்பதே என் கருத்தில் இதன் மேன்மை. ஐயத்தோடு பார்க்கப்படும் ஒரு சமூகம் தன்னைத்தானே கேலி செய்துகொள்வது எளிதன்று. 'எங்களை நல்லவர்களாகக் காட்டுங்கள்' என்று மன்றாடவே அது தூண்டப்படும். குவைத்தைச் சேர்ந்த நாயிஃப் அல்முத்தவா 2006இல் தொடங்கிய 'தி 99' என்னும் சித்திரக்கதை அத்தகையது. இறைவனின் 99 திருப்பண்புகளிலிருந்து வீரர்களைப் படைத்த உயர்ந்த முயற்சிதான். ஆனால் பண்புகளுக்கு நாடா அவிழ்வதில்லை. ஆகவே அவை நம் மனத்தில் தங்குவதுமில்லை. நம்முடைய புனிதர் வரலாற்று நூல்களுள் பலவற்றுக்கும் இதே நோய் உண்டு என்பதை ஒப்புக்கொள்ளத்தான் வேண்டும்.

மறைந்த திருத்தந்தை பிரான்சிஸ் 2024 ஜூன் மாதம் உலகின் நகைச்சுவைக் கலைஞர்களை வத்திக்கானுக்கு அழைத்து, நாம் அன்பு செய்பவரோடு சிரித்து விளையாடுவது போலக் கடவுளைக் குறித்தும் சிரிக்கலாம், அது இறைநிந்தையாகாது என்று கூறியது பலருக்கு வியப்பளித்தது. அன்புள்ள இடத்தில் கேலி காயப்படுத்துவதில்லை. மாலேகாவ் படம் அத்தகைய இடத்திலிருந்து வருகிறது.

இவ்வளவு பாராட்டியபின் குறையையும் கூறவேண்டும். அந்த ஊரின் தெருக்களில் நடக்கும் பெண்கள் அந்தத் திரையில் இல்லை. உள்ளூர்ப் பெண்கள் நடிக்க வழக்கம் இடந்தராததால் நடிகையை வெளியூரிலிருந்து அழைத்து வருகிறார்கள். தூசியையும் எச்சிலையும் துணிந்து நையாண்டி செய்யும் கலைஞர்கள் இவ்வழக்கத்தின் முன் மட்டும் மௌனம் காக்கிறார்கள்.

அந்த மௌனத்தை உடைத்தவள் எகிப்தில் பிறந்தாள். 2013இல், பதினெட்டு வயது மாணவியான தீனா முகமது 'காஹிரா' என்ற சித்திரக்கதையைப் பதிப்பகம் எதையும் சாராது இணையத்தில் தாமே வரைந்து வெளியிட்டார். காஹிரா என்பது கெய்ரோ நகரின் அரபுப் பெயர். வெற்றி கொள்பவள் என்றும் பொருள்படும். முக்காடிட்டு வாளேந்தி வரும் இவ்வீராங்கனையின் நையாண்டி இருமுனைக் கத்தி. பெண்ணை அடக்கி வைக்கச் சொல்லும் சொற்பொழிவாளரும் தப்புவதில்லை. முக்காட்டைக் களைந்து இசுலாமியப் பெண்ணை 'மீட்க' வரும் மேனாட்டுப் பெண்களும் தப்புவதில்லை. காஹிராவின் கோபத்தில் சிரிப்பு சற்றுக் குறைவு; ஒரு பக்கத்திலேயே நீதி வழங்கிவிடும் அவசரமும் உண்டு. ஆயினும் தன் வீட்டையும் அயல்வீட்டையும் ஒரே மூச்சில் கேள்வி கேட்கும் இத்துணிவு மாலேகாவ் நண்பர்களுக்குக் கிட்டவில்லை. நம் பங்குகளின் நாடக மேடைகளுக்கு அது கிட்டியிருக்கிறதா என்று கேட்டுப் பார்க்கலாம். நம் பங்கு விழா நாடகங்களில் குடிகாரக் கணவன் திருந்துவான், நாத்திகன் மனம் மாறுவான். பங்குப் பேரவைத் தலைவர் மட்டும் சிரிப்புக்கு ஆளாவதே இல்லை!

2025 பிப்ரவரியில் இக்கதை 'சூப்பர்பாய்ஸ் ஆஃப் மாலேகாவ்' என்ற பெயரில், ரீமா காக்தியின் இயக்கத்தில், இந்தித் திரைப்படமாகவும் வெளிவந்தது. செம்மையான படம். ஆனால் நோயுற்ற நண்பனுக்காகவே சூப்பர்மேன் படம் எடுக்கப்படுவதாகக் கதையை மாற்றி, சிரிப்பைக் கண்ணீருக்கு முன்னோட்டமாக்கிவிட்டது. உண்மையில் ஷபீக் வாய்ப்புற்றுநோயால் இறந்தது 2011இல், ஆவணப்படம் உருவாகி மூன்று ஆண்டுகளுக்குப் பின். புகையிலை வில்லனை எதிர்த்துப் பறந்தவனின் வாயில் அந்தப் புற்று வளர்ந்த கொடுமையை ஆவணப்படம் அறியாது. அதில் அவர் புதுமாப்பிள்ளை. இரு கைகளையும் நீட்டிக்கொண்டு, பச்சைத் துணிக்கு முன்னால், அடுத்த காட்சிக்காகக் காத்திருக்கிறார்.