ஒட்டலாம், துளைக்க வேண்டாம்

புது கார் புக் பண்ணிப் பணம் கட்டியதும் ஷோரூமில் இன்னொரு பட்டியல் வரும். டோர் வைசர், மட் ஃபிளாப், சைடு பீடிங், டோர் எட்ஜ் கார்டு, ஹேண்டில் ஃபிலிம் என்று வரிசையாக எழுதி, மாட்டுக்கூலியோடு சேர்த்து ஒரு ‘பேக்கேஜ்’ விலை போட்டிருப்பார்கள். இதில் முக்கால்வாசி வேலைக்கு ஒரு ஸ்டார் ஸ்க்ரூ டிரைவரும் கொஞ்சம் பொறுமையும் போதும். கோவை சரவணம்பட்டியில் நாங்கள் இருக்கும் அபார்ட்மென்ட்டின் கீழ்த்தளப் பார்க்கிங்கிலேயே எங்கள் புது ஹேட்ச்பேக்குக்கு ஒவ்வொன்றாக வாங்கி நானே மாட்டினேன். கோடையும் மழையும் ஒரு சுற்று வந்து போய்விட்டன. எது கொடுத்த காசுக்கு உழைக்கிறது, எது காவல் என்று சொல்லி வந்து வண்டியையே அரிக்கிறது என்பதை இப்போது தைரியமாகச் சொல்லலாம்.

சத்தி ரோட்டில் ஓட்டுகிறவர்களுக்கு இதெல்லாம் எதற்கு என்று விளக்க வேண்டியதில்லை. கணபதியிலிருந்து சரவணம்பட்டி வரைக்கும் சாயங்காலம் ஐடி கம்பெனிகள் விடுகிற நேரத்தில், இரண்டு கார்களுக்கு நடுவே கிடைக்கிற சந்தில் டூவீலர்கள் நுழைந்து போகும். ஹேண்டில்பார் முனையும் ஃபுட்ரெஸ்டும் கதவில் கோடு இழுப்பது அங்கேதான். வீட்டுக்கு வந்தால் தூணுக்கும் பக்கத்துக் காருக்கும் இடையில் கதவைப் பாதிதான் திறக்க முடிகிறது. லீவு நாளில் கோவில்பாளையம், அன்னூர்ப் பக்கம் தோட்டத்துக்குப் போனால் செம்மண்ணும் சரளைக்கல்லும். உரசல், கதவு இடி, சக்கரம் வாரியடிக்கும் மண் என இந்த மூன்றுக்குத்தான் இந்தச் சாமான்கள். பெரிய விபத்துக்கு இவை எதுவும் ஆகாது என்பதை முதலிலேயே மனதில் வைத்துக்கொண்டால் பாதிச் செலவு மிச்சம்.

அவிநாசி ரோட்டில் உள்ள ஜிடி கார் மியூசியத்தில் பழைய வண்டிகளைப் பார்த்தவர்களுக்கு ஒன்று ஞாபகம் இருக்கும். அந்தக் காலத்து பம்பர் பாடியை விட்டு வெளியே தள்ளி நிற்கும் குரோம் பூசிய இரும்புப் பட்டை. இடித்தால் அதுதான் வாங்கிக்கொள்ளும். இன்றைய பம்பரில் நம் கண்ணுக்குத் தெரிவது பாலிப்ரொப்பிலீன் வகைப் பிளாஸ்டிக் மூடி. அதற்கும் பாடி நிறத்திலேயே பெயிண்ட். கதவுத் தகட்டின் மேல் பிரைமர், நிறம், கிளியர் கோட் எல்லாம் சேர்த்தாலும் பொதுவாக 100 முதல் 120 மைக்ரான்தான் தேறும். ஒரு தலைமுடியே சுமார் 70 மைக்ரான் இருக்கும். அதனால் எந்தச் சாமானை வாங்கினாலும் இரண்டு கேள்வி கேட்கிறேன்: இது அடியைத் தாங்குமா? இதற்கு அடியில் தண்ணீரும் மண்ணும் போய்த் தங்குமா? கடைக்காரர்கள் முதல் கேள்விக்கு மட்டும்தான் பதில் வைத்திருக்கிறார்கள்.

டேப்தான் சரக்கு

வைசரானாலும் பீடிங்கானாலும் நாம் வாங்குவது பிளாஸ்டிக்கை அல்ல, அதன் முதுகில் இருக்கும் டபுள் சைடு டேப்பை. நல்ல தயாரிப்புகளில் 3எம் நிறுவனத்தின் விஎச்பி வகை அக்ரிலிக் ஃபோம் டேப் இருக்கும். சாதா ஃபோம் டேப் ஒரு கோடையில் இளகிவிடும். விஎச்பி டேப்பை 21 முதல் 38 டிகிரி வெப்பத்தில் ஒட்டச் சொல்கிறார்கள். ஒட்டி 20 நிமிடத்தில் பாதிப் பிடிப்பு, ஒரு நாளில் 90 சதவீதம், 72 மணி நேரத்தில் முழுப் பிடிப்பு வரும். நம்மூரில் மார்கழி விடியற்காலை 21-க்குக் கீழே போய்விடும். சித்திரை மத்தியான வெயிலில் நின்ற தகடோ கையே வைக்க முடியாத சூட்டில் இருக்கும். காலை எட்டு, ஒன்பது மணிக்கு நிழலில் ஒட்டுவதுதான் தோது. அதற்கப்புறம் மூன்று நாளைக்கு வாட்டர் வாஷ் கூடாது.

ஒட்டும் இடத்தைத் துடைப்பதில்தான் பாதி வேலை. டெலிவரிக்கு முன் ஷோரூமில் போட்ட பாலிஷ் பெயிண்ட் மேல் மெழுகாக நிற்கும். முதலில் ஷாம்பூ, பிறகு ஐசோப்ரொப்பைல் ஆல்கஹாலும் தண்ணீரும் சரிபாதி கலந்த கலவை. ஒரு துணியால் துடைத்து, அது காய்வதற்குள் இன்னொரு துணியால் ஒற்றி எடுக்க வேண்டும். வீட்டில் மிச்சமிருக்கும் சானிடைசரைப் பயன்படுத்தாதீர்கள். பலவற்றில் கிளிசரின் கலந்திருக்கும், டேப் பிடிக்காது. தின்னர் பக்கமே போகக் கூடாது.

டோர் வைசர்

ஒட்டுவதற்கு முன் வைசரை வெறுமனே வைத்துப் பார்த்து, இரண்டு முனைகளிலும் மாஸ்கிங் டேப்பால் அடையாளம் போட்டுக்கொள்ளுங்கள். டேப்பின் மேல் இருக்கும் சிவப்புத் தாளை மொத்தமாக உரிக்கக் கூடாது. இரண்டு ஓரத்திலும் ஒரு இஞ்ச் மட்டும் உரித்து, அந்த வாலை வெளிப்பக்கமாக மடித்து விட வேண்டும். வைசரை அடையாளத்தில் வைத்து, நிலை சரியென்று பட்ட பிறகு வாலைப் பிடித்து மெல்ல இழுத்தால் தாள் உள்ளிருந்து உருவிக்கொண்டு வரும். பின்னாலேயே கட்டைவிரலால் அழுத்திக்கொண்டு போகலாம். வைசரின் வளைவு கதவோடு ஒத்துப்போகாத இடத்தில் ஹேர் டிரையர் காட்டினால் பிளாஸ்டிக் பணிந்து வரும். வலுக்கட்டாயமாக வளைத்து ஒட்டினால் அது திரும்ப நிமிரப் பார்த்து அந்த முனையில்தான் முதலில் பிரியும்.

ஐப்பசி மழையில் கண்ணாடியை ஒரு விரல் அளவு இறக்கி வைக்க முடிகிறது. உள்ளே ஆவி படிவது குறைகிறது. வெயிலில் நிறுத்தும்போது உள்ளிருக்கும் சூடும் வெளியேறுகிறது. பைபாஸில் 80-ஐத் தாண்டினால் காற்றுச் சத்தம் கூடுவது உண்மை. முன்கதவு வைசரின் கறுப்பு முனை சைடு மிரருக்கு மேலே பார்வையைக் கொஞ்சம் மறைக்கும் என்பதால் வெளிர் நிறம் நல்லது. ஜன்னல் சட்டத்துக்குள்ளேயே செருகும் வகையும் உண்டு. ஒரே அழுத்தில் தானாக ஏறும் கண்ணாடி உள்ள வண்டிக்கு அது வேண்டாம். தடிமன் கூடிய இடத்தில் கண்ணாடி முட்டி, விரல் சிக்கியதாக நினைத்துத் திரும்ப இறங்கிவிடும்.

சைடு பீடிங்

கடையில் கதவுக் கைப்பிடிக்குக் கீழே கண்ணுக்கு அழகான இடம் பார்த்து ஒட்டித் தருவார்கள். அழகு முக்கியமில்லை, உயரம்தான் முக்கியம். பார்க்கிங்கில் பக்கத்தில் நிற்கும் வண்டியின் கதவைத் திறந்து, அதன் வெளிமுனை நம் கதவில் எங்கே படுகிறது என்று பாருங்கள். பெரும்பாலும் கதவின் நடுவுக்குக் கீழே இருக்கும். அந்த உயரத்தில் நான்கு கதவுக்கும் நேராக மாஸ்கிங் டேப் இழுத்து, அதன் மேல் விளிம்பைத் தொட்டபடி பீடிங்கை ஒட்ட வேண்டும். எங்கள் வண்டியில் இதுவரை வந்த கதவு இடிகள் பீடிங்கில் வெள்ளைக் கோடாக விழுந்திருக்கின்றன, பெயிண்ட் தப்பித்தது. பெயிண்ட் அடிக்காத கறுப்புச் சொரசொரப்பு கிளாடிங்கின் மேல் எதையாவது ஒட்டுவதாக இருந்தால் டேப் மட்டும் போதாது. அந்தப் பிளாஸ்டிக்கில் பசை பிடிக்காது. 3எம் பிரைமர் 94 மாதிரி ஒன்றை மெல்லிசாகத் தடவிக் காயவிட்டுத்தான் ஒட்ட வேண்டும்.

மட் ஃபிளாப்

இந்த வரிசையில் காசுக்கு அதிகம் உழைப்பது இதுதான். ஸ்டீயரிங்கை ஒரு பக்கம் முழுசாக ஒடித்து வைத்தால் முன்சக்கரத்துக்குப் பின்னால் கை நுழைய இடம் கிடைக்கும். உள்ளே இருக்கும் பிளாஸ்டிக் லைனரின் ஸ்க்ரூவைக் கழற்றி, நடுவில் ஃபிளாப்பை வைத்து அதே துளையில் திரும்ப முடுக்க வேண்டும். லைனர் பிளாஸ்டிக்கில் புதுசாக ஒரு துளை போட்டாலும் மோசமில்லை, பிளாஸ்டிக் துருப்பிடிக்காது. ஆனால் சில கடைகளில் ஃபெண்டரின் தகட்டிலேயே டிரில் போடுவார்கள். “ஒரு ஓட்டைல என்னுங்க ஆயிரப்போகுது?” என்றும் கேட்பார்கள். ஆகும். தகட்டைத் தொழிற்சாலையில் மின்பூச்சுத் தொட்டியில் முக்கி எடுத்திருப்பார்கள். துளை போட்ட விளிம்பில் அந்தப் பூச்சு கிடையாது. சக்கரம் அடிக்கும் ஈரம் நேராக இரும்பில் படும். அந்த இடத்தில் துரு வந்தால் வாரண்டியில் கேட்டு வாங்குவதும் கஷ்டம்.

மாட்டியதும் ஸ்டீயரிங்கை இரண்டு பக்கமும் முழுசாக ஒடித்து, டயர் உரசுகிறதா என்று பார்க்க வேண்டும். ஃபிளாப்புக்கும் பாடிக்கும் நடுவே சேரும் மண்ணை வாட்டர் வாஷின்போது பீய்ச்சி வெளியேற்றச் சொல்லுங்கள். தோட்டத்து மண் அங்கே இறுகி உட்கார்ந்துகொண்டால் வெயில் நாளிலும் ஈரம் காயாது.

எட்ஜ் கார்டும் ஹேண்டில் ஃபிலிமும்

கதவு விளிம்பில் செருகும் ரப்பர் பட்டையை நான் பரிந்துரைக்க மாட்டேன். சுவரில் கதவு இடிக்கும்போது காப்பாற்றுவது வாஸ்தவம்தான். ஆனால் மழைக்குப் பிறகு கழற்றிப் பார்த்தால் உள்ளே நீரும் பொடிமண்ணும் தேங்கி நிற்கிறது. கதவு ஒவ்வொரு முறை அதிரும்போதும் அந்த மண் உப்புத்தாள் மாதிரி விளிம்புப் பெயிண்டைத் தேய்க்கிறது. அதே வேலையை விளிம்பில் ஒட்டும் கண்ணுக்குத் தெரியாத பிபிஎஃப் (பெயிண்ட் காப்பு) ஃபிலிம் பட்டை செய்யும். அதற்கடியில் எதுவும் புக இடமில்லை. கைப்பிடிக் குழியில் மோதிரமும் நகமும் போடும் கீறலுக்கும் அதே ஃபிலிம்தான். சோப்புத் தண்ணீர் தெளித்து வைத்து, நடுவிலிருந்து ஓரத்துக்கு நீரை வழித்துவிட்டால் போதும். இந்த வேலைகளிலேயே சுலபமானது, விலையும் குறைவு.

வேண்டவே வேண்டாம்

கோவையில் கிராஷ் கார்டு செய்து மாட்டுவது ஒரு பெரிய காரியமில்லை. லேத்துக்கும் வெல்டிங்குக்கும் பேர்போன ஊர். பைப்பை வளைத்து சாயங்காலத்துக்குள் மாட்டி அனுப்பிவிடுவார்கள். ஆனால் 2017 டிசம்பரிலேயே மத்திய சாலைப் போக்குவரத்து அமைச்சகம், கிராஷ் கார்டும் புல் பாரும் 1988-ம் ஆண்டு மோட்டார் வாகனச் சட்டத்தின் 52-வது பிரிவுக்கு விரோதம், நடவடிக்கை எடுங்கள் என்று மாநிலங்களுக்கு எழுதிவிட்டது. சட்டத்தை விடுங்கள். மோதும்போது முன்பகுதி நசுங்கி விசையை வாங்கிக்கொள்ளத்தான் வடிவமைத்திருக்கிறார்கள். இரும்புச் சட்டம் அந்த விசையை நேராகச் சேஸிக்குக் கடத்துகிறது. ஏர்பேக் சென்சாரின் கணக்கும் தப்பிப்போகலாம். நடந்து போகிறவர் மேல் பட்டால் சொல்லவே வேண்டாம். பின்பக்கம் பம்பர் கார்னர் ஒட்டுகிறவர்கள் ரிவர்ஸ் சென்சார்களை மறைக்காமல் ஒட்டவும். 2019 ஏப்ரலுக்குப் பிறகு வந்த வண்டிகளில் உயர் பாதுகாப்பு நம்பர் பிளேட்டின் ஸ்னாப் லாக்கைக் கழற்றி அலங்கார ஃபிரேம் போடுவதும் வேண்டாத வேலை.

என்ன வாங்கலாம்?

வைசரையும் மட் ஃபிளாப்பையும் கம்பெனி ஒரிஜினலாகவே வாங்குங்கள். வளைவும் துளையும் அச்சாக ஒத்துப்போவதற்காகக் கூடுதலாகக் கொடுக்கலாம். பீடிங்கும் ஃபிலிமும் வெளிக்கடையில் வாங்கினாலும் நஷ்டமில்லை, டேப் என்ன பிராண்டு என்று மட்டும் பார்த்துக்கொள்ளுங்கள். பட்ஜெட்டில் ஒன்றுக்குத்தான் இடம் என்றால் மட் ஃபிளாப், இரண்டாவது பீடிங், மூன்றாவது ஹேண்டில் ஃபிலிம். காரில் அதிகம் மழைக்காலப் பயணம் இல்லாதவர்கள் வைசரைத் தள்ளிப்போடலாம்.

கடையில் எதை எடுத்தாலும் விலைக்கு முன், “இதை எப்படிங்க கழட்டறது?” என்று கேளுங்கள். டேப்பில் நிற்கும் சாமானை ஹேர் டிரையரில் சூடுகாட்டி, தூண்டில் நரம்பால் அறுத்தெடுத்துவிடலாம். பசையைத் துடைத்தால் கீழே கம்பெனிப் பெயிண்ட் அப்படியே இருக்கும். கழற்றினால் துளை மிஞ்சும் என்று பதில் வந்தால், அந்தச் சாமானை அலமாரியிலேயே திரும்ப வைத்துவிடுங்கள்.