ஏணி பிடித்த நட்பு

மைதாப் பசை வாளியைத் தூக்கிக்கொண்டு நள்ளிரவில் சுவரொட்டி ஒட்டப் போவோம். ஒருவன் ஏணி பிடிப்பான், ஒருவன் ஏறுவான். எந்தத் தெரு, என்ன சாதி என்று யாரும் கேட்டதில்லை. ஒரே டம்ளர் தேநீர் நான்கு கை மாறும். ஊருக்குள் வேறெங்கும் கிடைக்காத அந்தச் சமத்துவத்தை எங்கள் ரசிகர் மன்றத்தில்தான் கண்டேன்.

மன்றத்தின் அரசியல் வலிமையும் அங்கிருந்தே பிறந்தது. 1972இல் எம்.ஜி.ஆர். தி.மு.க.விலிருந்து நீக்கப்பட்டபோது, தெருத்தெருவாக இருந்த அவரது மன்றங்கள் அவர் தொடங்கிய அ.தி.மு.க.வின் கிளைகளாயின. 1977இல் அவர் முதலமைச்சர். 2005இல் கட்சி தொடங்கிய விஜயகாந்த், 2011இல் கூட்டணி பலத்தோடு 29 இடங்கள் வென்று எதிர்க்கட்சித் தலைவரானார். அவருக்கும் மன்றமே அடித்தளம். பணமோ குடும்பப் பின்னணியோ இல்லாத இளைஞர்களுக்கு அரசியலின் வாசலைத் திறந்துவிட்டது மன்றம். இது சிறிய சாதனை அல்ல.

குறை எங்கே? தங்களுக்குள் தோளோடு தோள் நிற்பவர்கள், மேலே பார்த்தால் கும்பிட மட்டுமே அறிந்தவர்கள். ரஜினிகாந்த் 2017 டிசம்பர் 31 அன்று அரசியலுக்கு வருவதாக அறிவித்தார். 2020 டிசம்பர் 29 அன்று உடல்நிலை காரணமாக அதைக் கைவிட்டார். காரணம் நியாயமானது. ஆனால் மூன்றாண்டு காத்திருந்தவர்களிடம், அவர் இல்லாமலும் கூடிப் பேசி முடிவெடுக்கும் பழக்கம் வளர்ந்திருக்கவில்லை.

அந்தப் பழக்கம் எங்கள் நட்பிலேயே இல்லை. கர்ணன்–துரியோதனன் நட்பை நம் காலத்துக்குக் கொண்டுவந்த 'தளபதி' (1991) போன்ற படங்களில் நாங்கள் படித்த பாடம் விசுவாசம். ஒரு படம் வெளியானபோது, கட்-அவுட்டுக்கு மாலை போட என் நண்பன் அம்மாவின் தோட்டை அடகு வைத்தான். அடகுச்சீட்டை நான்காக மடித்துச் சட்டைப்பையில் அவன் வைத்ததைப் பக்கத்தில் நின்று பார்த்தேன். மறுநாள் அவனுக்கு ஏணி பிடித்தேன். வாய் திறக்கவில்லை.

நட்பு சிரித்து மகிழ மட்டுமல்ல, நண்பன் எல்லை மீறும்போது முந்திச் சென்று இடித்துரைக்கவும்தான் என்கிறார் வள்ளுவர். பல ஆண்டுகள் கழித்து நண்பனே கேட்டான்: "நீயாவது அன்னிக்கு ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமேடா?"

மன்றங்கள் கலைய வேண்டாம்; அந்த ஒரு டம்ளர் தேநீர் இந்த மண்ணுக்கு வேண்டும். ஆனால் நண்பனிடம் "வேண்டாம்டா" என்று சொல்லப் பழகாதவன், நாளை தலைவரிடம் எப்படிச் சொல்வான்?