ஓடிஸ் ரஷ்: பதினாறு பக்கங்கள்

ஒரு கலைஞனின் ஆரம்பகாலப் படைப்புகளைப் புகழ்வதில் ஒரு குரூரம் இருக்கிறது. புகழ்கிறவர் அதை உணர்வதில்லை. 'முதல் தொகுதிதான் தொகுதி, அதற்குப் பிறகு ஒன்றுமில்லை' என்று சொல்லிவிட்டு நாம் அடுத்த பேச்சுக்குப் போய்விடுகிறோம். அந்த மனிதனோ அதற்குப் பிறகும் நாற்பது ஐம்பது ஆண்டுகள் வேலை செய்துகொண்டிருப்பான். ப்ளூஸ் கிட்டார் கலைஞர் ஓடிஸ் ரஷ்ஷுக்கு நேர்ந்தது இதுதான். 1956 முதல் 1958 வரை சிகாகோவில் கோப்ரா என்ற சிறு நிறுவனத்திற்காக அவர் பதிவு செய்தவை 8 இசைத்தட்டுகள், 16 பக்கங்கள். ரஷ் என்றால் இவைதான், மற்றவை பின்குறிப்பு என்பது ப்ளூஸ் ரசிகர்களிடையே ஏறக்குறைய வேதவாக்காகிவிட்டது. இந்த 16 பக்கங்களை நானும் புகழவே எழுதுகிறேன். ஆனால் எதற்காகப் புகழ்கிறோம் என்பதில் தெளிவில்லையென்றால் புகழ்ச்சி பழியாக மாறிவிடும்.

மிஸிஸிப்பி மாநிலத்தில் ஃபிலடெல்ஃபியா என்ற சிற்றூரில் பிறந்த ரஷ், 1940-களின் இறுதியில் சிகாகோவுக்கு வந்தார். தெற்கின் பருத்திக் காடுகளை விட்டு வடக்கின் தொழிற்சாலைகளுக்குக் கருப்பின மக்கள் லட்சக்கணக்கில் பெயர்ந்த காலம் அது. அவருக்கு முன்னால் இரண்டு வழிகள் இருந்தன. ஒன்று மடி வாட்டர்ஸின் வழி. கிராமத்துக் கிட்டாரை, தந்தியின்மேல் குழாயைத் தேய்க்கும் அதன் முனகலோடு, அப்படியே மின்சாரத்திற்குள் கொண்டுவந்தவர் அவர். மற்றது மெம்ஃபிஸிலிருந்து வந்த பி. பி. கிங்கின் வழி. குழாய் இல்லை, விரலே தந்தியை இழுத்து, இழுத்த இடத்தில் நிறுத்தி, நடுங்கச் செய்யும். ரஷ் இரண்டாவது வழியில் போனார், முதலாவதின் இருட்டை விடாமல். அவர் இடதுகைக்காரர். வலதுகைக்காரர்களுக்குத் தந்தி பூட்டிய கிட்டாரை அப்படியே தலைகீழாகத் திருப்பி வாசிக்கப் பழகியவர். அதனால் மெல்லிய தந்திகள் மேலே வந்துவிடுகின்றன. மற்றவர்கள் மேல்நோக்கித் தள்ளும் ஸ்வரத்தை அவர் தரையை நோக்கி இழுக்கிறார். கமகம் என்ற சொல்லை இங்கே கொண்டுவர நமக்கு ஆசை எழும். வேண்டாம். அது வேறு இலக்கணம்.

இந்த இலக்கணத்தைச் சற்றுப் பார்க்க வேண்டும். ப்ளூஸ் பாட்டின் ஒரு சுற்று பெரும்பாலும் 12 தாளக் கட்டங்கள் கொண்டது. மூன்று வரிகள், வரிக்கு நான்கு கட்டங்கள். குரல் ஏறக்குறைய இரண்டு கட்டங்களில் வரியை முடித்துவிடும். மிச்சம் காலியிடம். உருவமே அந்த வெற்றிடத்தை உள்ளே வைத்துக்கொண்டு பிறந்திருக்கிறது. மரபில் அந்த இடத்தில் கிட்டார் குரலுக்குப் பதில் சொல்லும். அந்தக் காலியிடத்தைக் கலைஞன் என்ன செய்கிறான் என்பதில்தான் அவனுடைய தரம் தெரிகிறது. இதைத் தவிர ப்ளூஸ் விமர்சனத்திற்கு வேறு அளவுகோல் தேவையில்லை என்றுகூட எனக்குத் தோன்றுவதுண்டு.

1956-இல் வந்த 'ஐ கான்ட் க்விட் யூ பேபி' கோப்ராவின் முதல் வெளியீடு. பாட்டை எழுதி, பதிவையும் நடத்தியவர் வில்லி டிக்ஸன். ரிதம் அண்ட் ப்ளூஸ் விற்பனைப் பட்டியலில் அது 6-ஆம் இடம் வரை போயிற்று. முன்னுரை எதுவுமில்லை, எடுத்த எடுப்பில் குரல். இருபது வயதைக் கடந்து ஓரிரு ஆண்டுகளே ஆன இளைஞனின் குரல் அது. உச்சிக்குப் போய் உடைகிறது, உடைந்த இடத்திலிருந்து மறுபடியும் இறங்கி வருகிறது. கிட்டார் வீரனைத் தேடி இந்தத் தட்டைக் கேட்பவர் ஏமாந்துபோவார். 'க்ரோனிங் தி ப்ளூஸ்', 'மை லவ் வில் நெவர் டை' என்று தொடர்ந்து கேட்கும்போதுதான் கிட்டார் குரலிடமிருந்து எதைக் கற்றுக்கொண்டது என்பது புரியும். குரல் முடிந்ததும் அது பாய்ந்து வருவதில்லை. சற்றுத் தாமதிக்கிறது. பிறகு ஒரு ஸ்வரம், வேண்டுமானால் இன்னொன்று. மின்சாரம் இங்கே உரக்கப் பேசுவதற்காக வரவில்லை. மெல்லத் தொட்ட ஒரு ஸ்வரம் அணையாமல் நிற்பதற்காக வந்திருக்கிறது.

எல்லாப் பக்கங்களும் இந்தத் தரம் அல்ல என்பதையும் சொல்லியாக வேண்டும். டிக்ஸன் எழுதிய 'வயலன்ட் லவ்' ஒரு விற்பனைச் சரக்கு. ரஷ் அதைத் தனக்குப் பொருந்தாத சட்டையைப் போட்டுக்கொண்டவர் போலப் பாடுகிறார். இன்னும் சில பக்கங்கள் அன்றைய நடனக்கூடங்களுக்காகச் செய்யப்பட்டவை, அதற்குமேல் எதுவும் இல்லாதவை. 16-ஐயும் ஒரே தட்டில் வைத்து ஆராதிப்பவர் எதையும் கேட்கவில்லை என்றே அர்த்தம்.

1958-இல் பதிவான 'டபுள் ட்ரபுள்', 'ஆல் யுவர் லவ்' இரண்டும் ரஷ் தாமே எழுதியவை. இரண்டும் மைனர் ஸ்கேலில் அமைந்தவை. முதலாவதில் பேசுகிறவன் வேலை போனவன், தூக்கமும் போனவன். அமெரிக்கப் பொருளாதாரம் 1957-58-இல் மந்தத்தில் விழுந்திருந்தது என்பது உண்மை. ஆனால் அந்தச் செய்தி இந்தப் பாட்டை விளக்கிவிடாது. வறுமைதான் ப்ளூஸைப் பாடவைத்தது என்பவர்கள், அதே தெருவில் அதே வறுமையில் இருந்து எதையும் பாடாதவர்களுக்கு என்ன பதில் வைத்திருக்கிறார்கள்? துயரம் மூலப்பொருள் மட்டுமே. மேலும், தனிமையின் உச்சமாகக் கேட்கும் இந்தப் பதிவில் இரண்டாவது கிட்டாரோடு ஐக் டர்னர் இருக்கிறார், சாக்ஸஃபோன்கள் இருக்கின்றன. தனிமை இங்கே பல பேர் கூடிச் செய்த காரியம். 'ஆல் யுவர் லவ்' இன்னும் துணிச்சலானது. லத்தீன் சாயல் கொண்ட தாளத்தில் இறுக்கமாகப் போய்க்கொண்டிருப்பது நடுவில் திடீரென்று வேகம் மாறித் துள்ளுகிறது, பிறகு ஒன்றும் நடக்காததுபோல் பழைய இறுக்கத்திற்கே திரும்பிவிடுகிறது. சந்தோஷத்தின் ஞாபகம் ஒன்று வந்துபோன மாதிரி. இவ்வளவும் மூன்று நிமிடங்களுக்குள்.

இந்தப் பாட்டுகள் அட்லாண்டிக் கடலைத் தாண்டின. 1966-இல் ஜான் மேயாலின் குழுவில் எரிக் க்ளாப்டன் 'ஆல் யுவர் லவ்'வை அசலின் அமைப்பைக் கலைக்காமல் வாசித்தார். அதில் ஒரு மாணவனின் மரியாதை இருக்கிறது. 1969-இல் லெட் ஸெப்பலின் தங்கள் முதல் தொகுப்பில் 'ஐ கான்ட் க்விட் யூ பேபி'யை எடுத்துக்கொண்டார்கள். ஜிம்மி பேஜின் விரல்கள் அபாரமானவை, சந்தேகமில்லை. ஆனால் நான் சொன்ன அந்தக் காலியிடம் அங்கே இல்லை. ஒவ்வொரு கட்டமும் நிரப்பப்பட்டுவிட்டது. உலகம் அதைத்தான் ப்ளூஸ் கிட்டார் என்று நம்பிற்று. ரஷ்ஷின் மௌனத்திலிருந்து புறப்பட்டு அவர்கள் ஓர் இரைச்சலைப் போய்ச் சேர்ந்தார்கள்.

1959-இல் கோப்ரா மூடப்பட்டது. பிறகு செஸ் நிறுவனம். அங்கே 1960-இல் 'ஸோ மெனி ரோட்ஸ்'. அடுத்து ட்யூக் நிறுவனம். அங்கிருந்து வெளிவந்தது 1962-இல் ஒரே ஒரு தட்டு, 'ஹோம்வொர்க்'. 1971-இல் கேபிடல் நிறுவனத்திற்காக ஒரு முழு நீள இசைத்தட்டைப் பதிவு செய்தார். நிறுவனம் அதை வெளியிடவில்லை. 1976-இல் புல்ஃப்ராக் என்ற சிறு நிறுவனம் 'ரைட் ப்ளேஸ், ராங் டைம்' என்ற பெயரில் வெளியிட்டது. அதில் குரல் தணிந்திருக்கிறது. கிட்டார், 'டபுள் ட்ரபுளி'ல் இருந்ததைவிட அதிகம் யோசிக்கிறது. இதைக் கேட்ட பிறகும் 'கோப்ராவுக்குப் பிறகு ஒன்றுமில்லை' என்பவரிடம் எனக்கு ஒரே ஒரு கேள்வி. ஒன்றுமில்லாமல் போனது ரஷ்ஷிடமா, அவரைப் பதிவு செய்து வெளியிட வேண்டியவர்களிடமா? வெளிவராத படைப்பை எழுதப்படாத படைப்பாகக் கணக்கில் எழுதுவது விமர்சனத்தின் பழைய சோம்பல். சிறுபத்திரிகைக்காரர்களாகிய நமக்கு இதை யாரும் விளக்க வேண்டியதில்லை.

ரஷ் 2018-இல் இறந்தார். கடைசி ஆண்டுகளில் பக்கவாதம் அவருடைய கிட்டாரைப் பறித்துக்கொண்டிருந்தது. அஞ்சலிகள் எல்லாம் 16 பக்கங்களைப் பற்றியே பேசின. அந்த 16-இல் ஏழெட்டு, மின் கிட்டாரில் மனிதன் செய்த மிகச் சிறந்த காரியங்களைச் சேர்ந்தவை என்பதே என் மதிப்பீடும். ஆனால் அவற்றை அளந்த அதே அளவுகோலை 1976-இன் தட்டின்மேலும் வைத்துப் பார்த்துவிட்டுத்தான் அதைச் சொல்கிறேன். குரல் முடிந்த பிறகு அவர் எவ்வளவு நேரம் காத்திருக்கிறார் என்று கேளுங்கள். கோப்ரா நாட்களில் காத்திருந்ததைவிடக் கொஞ்சம் அதிகமாகவே காத்திருக்கிறார்.