துப்பிய தண்ணீர்

மைக்கேல் ஹனகேயின் 'அமூர்' (2012) பார்த்திருக்கிறீர்களா? பாரீஸில் வயதான இசை ஆசிரியத் தம்பதி. பக்கவாதம் வந்த மனைவி, 'இனிமே என்னை ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோகாதீங்க' என்று கணவரிடம் சத்தியம் கேட்கிறார். கடைசியில் கணவரே தலையணையால் அழுத்தி முடித்துவிடுகிறார். எல்லோரும் அந்தத் தலையணையைப் பற்றியே பேசினார்கள். எனக்கு உறைத்தது அதற்கு முந்தின காட்சி. அவர் தண்ணீர் புகட்டுகிறார். அந்தம்மா துப்புகிறார். பளாரென்று ஓர் அறை! ஆஸ்பத்திரி வேண்டாம் என்றது காதில் விழுந்தவருக்கு, தண்ணீர் வேண்டாம் என்பது விழலை, பாருங்க.

அதே பிரான்ஸில் வன்சான் லம்பேர் என்ற மனநல நர்ஸ் 2008-ல் விபத்தில் நினைவிழந்தார். குழாய் வழியே உணவும் நீரும். 'இப்படி வாழ விரும்பமாட்டார்' என்றார் மனைவி; பெற்றோர் மறுத்தார்கள். அங்கே மனைவி சொல்வது வெறும் சாட்சிதான், முடிவு டாக்டருடையது. 'நம்பிக்கைக்குரியவர்' என்று எழுத்தில் நியமித்திருந்தால் அந்தச் சாட்சிக்கு எடை கூடியிருக்கும். நியமிக்கவில்லை. (பி.காம். படித்த எனக்கு உடனே பேங்க் நாமினி பாரம்தான் ஞாபகம் வந்தது!) குழாய் உணவும் சிகிச்சைதான், நிறுத்தலாம் என்று 2014-ல் உச்ச நிர்வாக நீதிமன்றம் தீர்ப்பளித்தும், வழக்குகள் இழுத்து, அவர் இறந்தது 2019 ஜூலையில்.

ஹனகே இந்தச் சண்டையை வீட்டுக்குள் விடவே இல்லை. மகள் வரும்போது அப்பா, அம்மாவின் அறையைப் பூட்டி வைத்திருப்பார். அவர் பதறிக் கதவைத் திறக்கச் சொல்லும் அந்த இடத்தை இன்னும் கொஞ்சம் நீட்டியிருக்கலாம்.