கூலி: ஊதியம் ஆளான கதை

தமிழிலிருந்து மலாய்மொழிக்குச் சென்ற சொற்களைத் தொகுத்துரைக்கும் கட்டுரைகளில் 'கூலி' தவறாது இடம்பெறும். கடை 'கெடை' ஆயிற்று, கப்பல் 'காப்பால்' ஆயிற்று, கூலி கூலியாகவே நின்றது என்று எழுதி மேற்செல்வது நம்மவர் வழக்கம். ஒலி மாறாததால் பொருளும் மாறவில்லை என்னும் எண்ணத்தை இது தோற்றுவிக்கிறது. இக்கருத்து மறுஆய்வுக்கு உரியது.

தமிழில் கூலி என்பது உழைப்புக்கு ஈடாகப் பெறுவது, உழைப்பவரின் பெயரன்று. 'ஆள்வினையுடைமை' அதிகாரத்தின் 619ஆம் குறளில், உடல் வருந்த முயல்வோர்க்கு அம்முயற்சி தரும் பயனைக் குறிக்க வள்ளுவர் ஆண்ட சொல் இதுவே. முயற்சியின் பெருமை பேசும் இடத்தில் இழிவுக்கு வழியேது? வண்டிக்கூலி, ஏற்றுக்கூலி, நகைக்கடையில் நாம் வாதிட்டுக் குறைக்க முயலும் செய்கூலி எனப் பிற்கால வழக்குகளும் இப்பொருளையே தாங்கி நிற்கின்றன. ஆளைச் சுட்ட வேண்டின் கூலியாள், கூலிக்காரன் என வேறொரு சொல்லோ விகுதியோ சேர வேண்டியிருந்தது. சிங்களத்தில் 'குலிய' என்பது வாடகையைக் குறிக்கும். அங்கும் ஆள் நுழையவில்லை.

மலாய்மொழியில் ஊதியத்திற்கு 'உப்பா' என்னும் சொல் உண்டு. எனவே வந்த சொல்லுக்கு அப்பொருளில் வேலை இருந்திராது. 'கூலி' அங்கே கடும் உடலுழைப்புச் செய்யும் ஆளாயிற்று. இந்தோனேசியர் செய்தியாளரை 'கூலி திந்தா', அதாவது மைக்கூலி, எனக் குறிப்பதுமுண்டு. சீனர் இதனை எழுத எடுத்துக்கொண்ட இரண்டு எழுத்துகளுக்குக் கசப்பு, வலிமை என்பன பொருள். ஒலிக்காகத் தெரிந்தெடுத்தவை எனினும், துறைமுகங்களில் மூட்டை சுமந்தோரின் நிலையை இதனினும் சுருங்கச் சொல்லல் அரிது.

ஆங்கிலச் சொல்லின் மூலம் தமிழ்க் கூலியா, குசராத்தின் 'கோலி' என்னும் மக்கட்பெயரா என்பதில் அறிஞரிடையே ஒருமைப்பாடு இல்லை. 1886இல் வெளிவந்த யூல், பர்னெல் ஆகியோரின் 'ஹாப்சன்-ஜாப்சன்' அகராதி இரண்டையும் பேசுகிறது. மூலம் எதுவாயினும் விளைவு ஒன்றே: கொடுக்கப்படும் ஊதியம் மறைந்து, ஆள் மட்டும் எஞ்சினான். 1893இல் தென்னாப்பிரிக்கா சென்ற காந்தியடிகள் அங்கே 'கூலி பாரிஸ்டர்' எனப்பட்டார். நாட்கூலிக்கு ஒருநாளும் உழைத்திராத வணிகரும் அங்கே 'கூலி வணிகர்' ஆயினர். அதாவது, தொழிற்பெயராகவும் நில்லாது அச்சொல் இனப்பெயராகிவிட்டது.

மலாயாவில் ஒப்பந்தமுறை 1910இல் முடிவுற்றது; கங்காணி முறையில் ஆள் திரட்டுவது 1938இல் நின்றது. சொல் அவற்றோடு போய்விடவில்லை. எனினும் 1954இல் தோன்றிய தேசியத் தோட்டத் தொழிலாளர் சங்கத்தின் பெயரில் 'தொழிலாளர்' என்னும் சொல்லே அமைந்தது. இந்தியாவில் இரயில் நிலையச் சுமைதூக்குவோரைச் 'சகாயக்' என அழைக்கும் அறிவிப்பு 2016இல்தான் வந்தது. இதற்கிடையில் தமிழே தன் சொல்லை வெளியாரின் பொருளோடு திரும்பப் பெற்றுக்கொண்டது. இன்று 'கூலி' என்றால் நம்மவர்க்கும் ஆள் நினைவுக்கு வருகிறான்.

இவ்விரு பொருளையும் பிரித்தறியாமை மொழிபெயர்ப்பில் கேடு விளைக்கிறது. 'அவன் கூலி வேலைக்குப் போனான்' என்று கதாசிரியர் எழுதுவது அன்றாட வருவாயைச் சுட்டும் இயல்பான கூற்று. அவ்விடத்தில் ஆங்கிலத்தில் 'கூலி' என்றே இடுவது ஆசிரியர் எண்ணாத இகழ்ச்சியைப் பாத்திரத்தின் மேல் ஏற்றுவதாகும். மலாயில் பெயர்ப்போர்க்கும் இது பொருந்தும். ஊதியம் சுட்டப்படும் இடத்தில் 'உப்பா' இருக்க, ஒலியொற்றுமை கருதி 'கூலி'யை நாடுதல் வேண்டா. இதன் மறுதலையும் உண்டு. ஆங்கிலப் புதினத்தில் வெள்ளைத் துரை உமிழும் அச்சொல்லைத் தமிழில் வெறுமனே 'கூலி' என்று இடுவது வசையின் கூர்மையை மழுக்கிவிடும். 'கூலிக்காரப் பயலே' என்பது சொல்லுக்குச் சொல் ஒத்ததன்று; ஆயினும் துரையின் குரல் அதில்தான் கேட்கிறது.