மண் வள அட்டையில் இல்லாத வரி

மண் வள அட்டை பலருக்கும் தெரிந்ததுதான். 2015 பிப்ரவரியில் ராஜஸ்தானின் சூரத்கரில் மத்திய அரசு தொடங்கிய திட்டம். வயலில் மண் எடுத்து, பரிசோதித்து, எந்தச் சத்து எவ்வளவு இருக்கு, எந்த உரம் எவ்வளவு போடணும்னு ஒரே தாளில் எழுதித் தருவாங்க. கண்ணை மூடிக்கிட்டு யூரியா கொட்டுறதைக் குறைக்க நல்ல முயற்சி. என் விமர்சனம் அந்தத் தாளில் என்ன இல்லை என்பதைப் பற்றி.

அதில் 12 அளவுகள். தழை, மணி, சாம்பல், கந்தகம்; துத்தநாகம், இரும்பு, தாமிரம், மாங்கனீசு, போரான்; கார அமில நிலை, உப்பு நிலை, அங்கக கார்பன். காட்மியம், ஈயம், ஆர்சனிக், குரோமியம் எதுவும் கிடையாது.

நிரல் எழுதுகிறவன் கண்ணில் முதலில் படுவது இதுதான்: நுண்சத்துக்களுக்குக் கீழ் எல்லை மட்டும்தான் சோதிக்கப்படுது. துத்தநாகம் குறைவா இருந்தால் ‘பற்றாக்குறை’, இல்லைன்னா ‘போதுமானது’. அளவுக்கு மீறி இருந்தாலும் ‘போதுமானது’தான்! தாமிரமும் துத்தநாகமும் அதிகமானால் பயிருக்கு நஞ்சு. அதைச் சொல்ல அட்டையில் இடமே இல்லை.

பாலாற்றுப் படுகையை எடுத்துக்குங்க. தோல் பதனிடும் ஆலைகள் தொடர்பான வழக்கில் 1996இல் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. ஏறத்தாழ 35,000 ஹெக்டேர் விளைநிலம் பகுதியாகவோ முழுதாகவோ சாகுபடிக்கு லாயக்கில்லாமல் போனதாக அந்தத் தீர்ப்பிலேயே பதிவாகியிருக்கு. அப்படிப்பட்ட இடத்தில் அட்டை ‘உப்பு அதிகம்’ என்பதைக் காட்டிவிடும். கூடவே குரோமியம் இருக்கான்னு சொல்லாது. ‘போதுமானது’ என்ற சொல்லைப் பார்த்து விவசாயி நிம்மதியா விதைப்பார்.

சரி, இன்னொரு கட்டம் சேர்த்தால் முடிஞ்சுதா? இல்லை. இரண்டு சிக்கல் இருக்கு.

ஒன்று, மாதிரி எடுக்கும் முறை. திட்டம் தொடங்கியபோது பாசன நிலத்தில் 2.5 ஹெக்டேருக்கு ஒரு மாதிரி, மானாவாரியில் 10 ஹெக்டேருக்கு ஒன்று என்று வகுத்தாங்க. பல இடத்து மண்ணைக் கலந்து சராசரி எடுப்பது உரக் கணக்குக்குச் சரி. நஞ்சு சீராகப் பரவுவதில்லை. வாய்க்கால் ஓரம், ஆலைக் கழிவு பாய்ந்த மடை, ஏரியின் அடிவண்டல்னு திட்டுத் திட்டாகத் தங்கும். சராசரியில் அது கரைஞ்சு போயிடும்.

இரண்டு, எதை அளக்கிறோம் என்பது. ஆறு இணைதிற குரோமியம் நீரில் எளிதில் கரையும், மூன்று இணைதிறத்தைவிடப் பல மடங்கு ஆபத்தானது. மொத்தக் குரோமியம் மட்டும் தெரிந்தால் போதாது. காட்மியமோ அமிலத்தன்மை கூடிய மண்ணில் பயிருக்குள் எளிதாக ஏறும். இதைப் புரிந்துகொள்ளத் தேவையான கார அமில நிலை ஏற்கனவே அட்டையில் இருக்கு என்பதுதான் வேடிக்கை.

ஐரோப்பாவின் லூகாஸ் ஆய்வில் 2009 முதல் ஏறத்தாழ 20,000 இடங்களில் மேல்மண் எடுத்தாங்க. சத்தும் கார்பனும் அளந்த அதே மாதிரிகளில் பிறகு கன உலோகங்களையும் அளந்தாங்க. சராசரியா 200 சதுர கிலோமீட்டருக்கு ஒரு மாதிரி. இதை வைத்து ஒரு வயலுக்குத் தீர்ப்பு சொல்ல முடியாது. ஆனால் எங்கே நெருங்கிப் பார்க்கணும்னு காட்டும்.

நமக்கும் அந்த இரண்டடுக்கு முறை போதும். எல்லா வயலுக்கும் உலோகச் சோதனை வேண்டாம். அட்டைக்கு எடுத்த மண்ணில் ஒரு பகுதியை முதலில் சோதிக்கலாம். சந்தேகமான இடத்திலும் ஆலைப் பகுதிகளிலும் நெருக்கமா மாதிரி எடுக்கலாம். நுண்சத்து அளக்கும் அணு உறிஞ்சு நிறமாலைமானியே, தனி விளக்கும் அமிலச் செரிப்பும் இருந்தால் காட்மியம், ஈயம், குரோமியத்தையும் அளக்கும்.

அதுவரை அட்டையில் ஒரு வரியாவது அச்சடிக்கலாம்: ‘நச்சு உலோகங்கள் சோதிக்கப்படவில்லை.’ சோதிக்காததும் இல்லாததும் ஒன்றல்ல.